ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்யும் முன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நெல்லைக்காரர்களுக்கு

வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். அட்ரஸ் புரூஃப் இல்லையென்று திருப்பி அனுப்பினால், அது கட்டாயமில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். விசாவோடு வருசத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறோம், கூச்சம் எதற்கு?

வண்ணார்பேட்டையில் சாயங்காலம் டோக்கன் போட்டு நேரே எலும்பு டாக்டரைப் பார்த்தவர்கள் நாம். இங்கே ஜி.பி. எழுதி அனுப்பாமல் ஸ்பெஷலிஸ்ட் வாசலை மிதிக்க முடியாது. எழுதியதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. பித்தப்பைக் கல், மூட்டு மாற்று என்றால் பல இடங்களில் அது பேப்பரோடு சரி. உடனே திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடத் தோன்றும். அதற்கு முன், காத்திருப்பு குறைவான வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதச் சொல்லி ஜி.பி.யிடம் கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேன்சர் சந்தேகம் என்றால் வரிசையே தனி, 28 நாளில் உண்டா இல்லையா என்று சொல்வது அதன் இலக்கு. அதை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

அப்படியும் போவதென்றால், மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முதல் அப்பாயின்ட்மென்ட் தேதி கடுதாசியாகவோ எஸ்.எம்.எஸ்ஸாகவோ வரும். நீங்கள் ஊரில் வேறு சிம் போட்டிருப்பீர்கள், கடுதாசி இங்கே கதவுக்குப் பின்னால் கிடக்கும். அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகாவிட்டால் பெரும்பாலும் கேஸை ஜி.பி.க்கே திருப்பிவிடுவார்கள். காத்திருந்த வாரமெல்லாம் கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து. ஊரிலோ சர்க்கரை கூடியிருக்கிறது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

கிளம்பும் முன் ஆஸ்பத்திரியின் புக்கிங் பிரிவுக்கு என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ சேவை) நம்பரோடு போன் போட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியாது என்று பதியச் சொல்லுங்கள். இந்த ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். கடுதாசியைப் பிரிக்க ஒரு ஆளைச் சொல்லிவையுங்கள். அங்கே ஆபரேஷன் முடிந்த பிறகே இங்கே காத்திருப்பு வரிசையில் உள்ள இடத்தை ரத்து செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் ஜி.பி. பட்டியலிலிருந்தே பெயரை எடுக்கலாம்.

திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்ததாக இருக்கட்டும், மருந்துக்கு மூலப்பெயர் வேண்டும். "பான் 40" என்றால் இங்கே முழிப்பார்கள், பான்டோபிரசோல் 40 மி.கி. என்றால் புரியும். ஸ்கேன் சி.டி., பயாப்ஸி ரிப்போர்ட், செயற்கை மூட்டு வைத்திருந்தால் அதன் விவரம் உள்ள ஸ்டிக்கர், எல்லாம் கைப்பையில். சாதாரண வயிற்று ஆபரேஷனுக்குப் பின் விமானம் ஏற 4, 5 நாளாவது ஆகும், பெரியதென்றால் 10 நாள். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு விட்டிருந்தால், அது கரையும்வரை ஏறவே கூடாது.

பிறகு இங்கே அட்மிட் ஆக நேர்ந்தால், கடந்த 12 மாதத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்றதும் ஆசனவாயில் ஸ்வாப் எடுத்து, தனி அறையில் போடுவார்கள். மருந்துக்கு மசியாத கிருமி இருக்கிறதா என்று பார்க்கத்தான், நம்மை ஒதுக்குகிறானே என்று ரோசப்படாதீர்கள் அண்ணாச்சி.