ஆபரேஷன் பில் எங்கே ஏறுகிறது: நாய், பூனை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்க்கோ பூனைக்கோ ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நம்மில் பலர் தலையாட்டிவிட்டு, டெபாசிட்டைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பதறுகிறோம். "எவ்வளவு ஆகும்?" என்று அங்கேயே கேட்டால், உயிரைவிடப் பணம் பெரிதா என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது இந்தக் கூச்சம்தான். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவத்துக்கு அரசு நிர்ணயித்த விலை என்று ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு கிளினிக்கும் தானே விலை வைக்கிறது. மயக்க மருந்து, ஆக்சிஜன், நர்ஸ், தியேட்டர் எல்லாம் மனிதர்களுக்கு ஆகிற மாதிரியே ஆகிறது, ஆனால் நம் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்ட் இதற்கு உதவாது. முழு பில்லும், அதன்மேல் 15 சதவீத வாட் வரியும், நம் தலையில்தான் விழும். இதைப் பற்றி முன்கூட்டியே பேசுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

டாக்டரிடம் நேராகவே சொல்லுங்கள்: "டாக்டர், என்னால் இவ்வளவுதான் புரட்ட முடியும். இதற்குள் இவனுக்கு என்ன செய்யலாம்?" இப்படிக் கேட்டால் பல நேரம் வேறு வழிகள் வெளியே வரும். கேட்காவிட்டால் டாக்டர் தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியைத்தான் சொல்வார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்துபோன நாயை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பை அறுத்துத் திருப்பி, தகடு வைத்து ஸ்க்ரூ போடும் டி.பி.எல்.ஓ. என்ற ஆபரேஷன் இருக்கிறது. அதில் தனிப் பயிற்சி எடுத்தவர்கள் செய்வது, செலவு கூட. மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையை இறுக்கிக் கட்டும் பழைய முறையும் இருக்கிறது, அதற்குச் செலவு குறைவு. எடை குறைந்த சின்ன நாய்க்குப் பெரும்பாலும் அந்த இழையே போதும். 50 கிலோ போயர்போல் மாதிரி பெரிய இன நாய் என்றால் இழை தாங்காமல் போகலாம், அப்போது இரண்டாவது ஆபரேஷன், முதலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். ஆகவே எது மலிவு என்று மட்டும் கேட்காமல், என் நாயின் எடைக்கும் வயதுக்கும் எது தாங்கும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொன்று: ஒரு காலில் லிகமென்ட் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்குப் பின்னால் மறு காலிலும் அறுகிறது. எடையைக் குறைத்து வைத்திருப்பதும், முதல் காலுக்கே சேமிப்பு முழுவதையும் காலி பண்ணாமல் இருப்பதும் அதனால்தான் முக்கியம்.

அடுத்த தவறு, எஸ்டிமேட் தாளின் கடைசி வரியை மட்டும் பார்ப்பது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர், தன் நாயின் முலையில் வந்த கட்டியை எடுக்க இரண்டு கிளினிக்கில் எஸ்டிமேட் வாங்கி வந்து, "தம்பி, இவங்க பாதி விலைக்கே செய்றாங்க, இங்கேயே போகட்டுமா?" என்று கேட்டார். இரண்டு தாளையும் சாப்பாட்டு மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். விலை கூடிய தாளில் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, டிரிப், மயக்கம், ஆபரேஷன், ஒரு ராத்திரி வார்டு, வீட்டுக்குத் தரும் வலி மாத்திரை, கட்டியை லேபுக்கு அனுப்பும் செலவு, தையல் பிரிப்பது, கழுத்தில் மாட்டும் கோன் என்று பக்கம் முழுக்க வரிகள். மலிவான தாளில் மூன்றே வரி: மயக்கம், ஆபரேஷன், ஊசி. அடியில் சின்ன எழுத்தில், வாட் சேர்க்கப்படவில்லை. அக்கா அங்கேயே போன் போட்டு, விட்டுப்போனதை எல்லாம் ஒவ்வொன்றாக விலை கேட்டு எழுதினார். கூட்டிப் பார்த்தபோது வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.

எஸ்டிமேட் வாங்கும்போது குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் எழுதி வாங்குங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "செலவு இந்தத் தொகையைத் தாண்டும் என்றால் எனக்கு முதலில் போன் செய்யுங்கள்" என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்புறம் அன்றைக்குப் போனைக் கையிலேயே வைத்திருங்கள். பிராணி மயக்கத்தில் கிடக்கும்போது டாக்டர் அழைத்து, நாம் எடுக்காமல் போனால் அந்த வரியால் பயனில்லை.

செலவைக் குறைக்கிறேன் என்று ரத்தப் பரிசோதனையை அடித்துவிடச் சொல்வதை நிறையப் பார்க்கிறேன். வேறு ஊரில் எப்படியோ, டர்பனில் இது வேண்டாம். இந்த வெக்கையிலும் புழுக்கத்திலும் நம்மூர் நாய்கள் மேல் உண்ணி ஏறிக்கொண்டே இருக்கிறது, உண்ணி கொண்டுவரும் பிலியரி என்ற நோய் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெளியில் பார்க்கக் கொஞ்சம் சோர்வாக மட்டும் தெரியும் நாய், மயக்கம் கொடுத்த பிறகு தாங்காமல் போகலாம். முலைக்கட்டிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் அப்படித்தான்: கட்டி நுரையீரலுக்குப் பரவியிருந்தால் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்ற முடிவே மாறும். குறைக்க வேண்டுமானால் வார்டு ராத்திரியைக் குறைக்க முடியுமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சில ஆபரேஷன்களுக்கு முடியும், சிலவற்றுக்கு முடியாது. டாக்டர் முடியாது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லை உண்மையிலேயே பல மடங்காக்குவது தாமதம். பிராய் என்கிற கறி சுடும் விருந்து முடிந்ததும் மக்காச்சோளச் சக்கையை நாய் முழுதாக விழுங்கிவிடும், அல்லது ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பின் எலும்பைப் பாசத்தோடு நாமே போட்டிருப்போம். திங்கட்கிழமை வாந்தி. "வெளிக்குப் போனால் சரியாகிவிடும்" என்று செவ்வாய், புதன் ஓடும். சோளச் சக்கை எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம், அதனால் நாய் அதைத் தின்றதை நீங்கள் பார்த்திருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் நாளே போனால் குடலைத் திறந்து எடுத்துத் தைப்பதோடு முடியலாம். குடல் அழுகி ஓட்டை விழுந்துவிட்டால் ஒரு துண்டையே வெட்டி எடுக்க வேண்டும், வயிற்றுக்குள் சீழ், பல நாள் வார்டு, பிழைக்குமா என்ற சந்தேகம். அதுவும் காத்திருந்து காத்திருந்து கடைசியில் நள்ளிரவில் ஓடினால், ராத்திரிக் கட்டணம் தனி.

இடையில் வலிக்கு என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பானடோவில் இருக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, கிட்னியையும் கெடுக்கும். அதோடு, மனித வலி மாத்திரை உள்ளே போயிருந்தால், நாய்க்கான வலி மருந்தை டாக்டர் உடனே கொடுக்க முடியாமல் போகும்.

கருத்தடையைத் தள்ளிப்போடுவதும் இதே ரகம். "ஒரு ஈற்றாவது குட்டி போடட்டுமே" என்பார் ஆயா. பெண் நாய் சூட்டுக்கு வந்துபோன ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம், பயோமெட்ரா என்பார்கள். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, சிலதுக்குப் பின்பக்கம் சீழ் வடியும், சிலதுக்கு அதுவும் வெளியே வராது, வயிறு மட்டும் உப்பும். அதே கர்ப்பப்பையைத்தான் எடுக்கப் போகிறார்கள், ஆனால் நாள் குறித்துச் செய்தால் ஆகும் செலவைப் போலப் பல மடங்கு, உயிர் ஆபத்தோடு. குறைந்த வருமான வீடுகளுக்கு எஸ்.பி.சி.ஏ. போன்ற பிராணி நல அமைப்புகள் குறைந்த விலையில் கருத்தடை செய்கின்றன. வருமானச் சான்று, அரசு உதவித்தொகைக்கான சாசா கார்டு, முகவரிச் சான்று கேட்பது வழக்கம், முதலிலேயே போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். தனியார் கிளினிக்கில் ஏற்கெனவே பார்த்திருந்தால் எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போங்கள், அதே சோதனைக்கு இரண்டாம் முறை பணம் கட்டாதீர்கள்.

பணம் புரட்ட மஷோனிசா என்கிற கந்துவட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். வங்கிக் கார்டையும் ஐடி புத்தகத்தையும் அடகு மாதிரி வாங்கி வைத்துக்கொள்வது நேஷனல் கிரெடிட் ஆக்ட் என்ற கடன் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. அதற்கு முன் கிளினிக்கிலேயே தவணை உண்டா என்று கேளுங்கள், ஸ்டோக்வெல் என்கிற சீட்டில் இருந்தால் உங்கள் முறையை முன்னுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், சொந்தக்காரர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, நொண்டிய பிறகு எடுக்கும் பாலிசி அந்தக் காலுக்கு உதவாது. ஏற்கெனவே இருந்த நோயை விலக்கிவிடுவார்கள், காத்திருப்புக் காலமும் உண்டு. குட்டியாக இருக்கும்போதே எடுங்கள். விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் சேர்த்தா, வருஷத்துக்கு எவ்வளவு வரை, நம் கையிலிருந்து போகும் எக்ஸஸ் எவ்வளவு, முதலில் நாமே கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்ய வேண்டுமா என்பதை எல்லாம் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்ததாகத் தோன்றினால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட் என்ற குறைதீர் அமைப்பு இலவசமாகவே விசாரிக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு கவனக்குறைவால் வரும் செலவும் இருக்கிறது. "பாவம், அவஸ்தைப்படுகிறான்" என்று கோனைக் கழற்றிவிடுவார்கள், நாய் ஒரே ராத்திரியில் தையலை நக்கிப் பிரித்துவிடும், மறுபடி மயக்கம், மறுபடி தையல், மறுபடி பில். தையல் பிரிக்கும் வரை, பொதுவாக 10 முதல் 14 நாள், கோன் கழுத்திலேயே இருக்கட்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டுமென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போது காலண்டரையும் பாருங்கள். தீபாவளியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் பட்டாசும் நம் பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. வெடிச் சத்தத்தில் மிரண்டு சுவர் தாண்டி ஓடும் நாய்கள்தான் ரோட்டில் அடிபட்டுக் கால் உடைந்து வருகின்றன. தையல் போட்ட நாய் அந்த ராத்திரிகளில் குதித்தால் வயிறே பிரிந்துவிடும். ஒரு மாதம் முன்னதாகவோ, எல்லாம் ஓய்ந்த பிறகோ தேதி கேளுங்கள்.