உமிழ்நீருக்கு நேரம் கொடுங்கள்: பால் பற்களைச் சொத்தையிலிருந்து காக்கும் முறை

மேல் வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து குட்டையாகிப் போயிருக்க, கீழ் வரிசை மட்டும் பளிச்சென்று இருக்கும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளை வட சென்னையின் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் பார்ப்பது அரிதல்ல. ஒரே பாலும் ஒரே மிட்டாயும் பட்ட வாயில் இந்த வேறுபாடு எப்படி வந்தது? நாக்குக்கு அடியில் சுரக்கும் உமிழ்நீர் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் வந்து சேர்கிறது. புட்டியைச் சப்பும்போது நாக்கும் அந்தப் பற்களை மூடிக்கொள்கிறது. மேல் முன்பற்களுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடைப்பதில்லை. ஆகவே சொத்தையைத் தடுக்க நினைப்பவர்கள், உமிழ்நீர் எப்போது வேலை செய்கிறது, எப்போது ஓய்ந்துவிடுகிறது என்பதை அறிந்து, அதற்கேற்பக் குழந்தையின் நாளை அமைக்க வேண்டும்.

சர்க்கரையோ மாவுப் பண்டமோ வாய்க்குள் போன சில நிமிடங்களில், பல்லின்மீது படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேற்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்த பிறகு, உமிழ்நீரே சுமந்து வரும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மீண்டும் படிகின்றன. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு பிஸ்கட் வாய்க்குள் போனால் கரைதல் முதலிலிருந்து தொடங்கும். பால் பற்களின் எனாமல் மெல்லியது என்பதால், ஓட்டை விழவும் அதிக நாள் ஆவதில்லை.

எனவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். அழுகையை நிறுத்த அண்ணாச்சி கடையில் வாங்கிக் கொடுத்த ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை ஒரே மூச்சில் தின்று முடிக்கும் குழந்தையைவிட, மதியம் முழுவதும் கையில் வைத்துக்கொண்டு கொறிக்கும் குழந்தையின் பல்லுக்கே ஆபத்து அதிகம். டீயில் தோய்த்த பொறையும் பன்னும் காரமுறுக்கும்கூடப் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்யும். இனிப்பு மட்டுமே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு முறை சிறுதீனி, மற்ற நேரத்தில் வெறும் தண்ணீர் என்று வகுத்துக்கொள்ளுங்கள். மிட்டாய் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். மெல்லும்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும்.

இரவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, விழுங்குவதும் குறைகிறது. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைத்தால், அந்தப் பால் மேல் முன்பற்களைச் சுற்றி மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டுபடும், பாட்டியும் குழந்தையின் பக்கம் சேர்ந்துகொள்வார். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை சர்க்கரையைக் குறைத்து, பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் இரவுப் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். ஒரு வயதிலிருந்தே டம்ளரில் குடிக்கப் பழக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பல் முளைத்த குழந்தைக்குப் படுக்கும் முன் பல் துலக்குவதைக் கைவிடாதீர்கள். வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தைக்கு இருக்கும் கொஞ்ச உமிழ்நீரும் காய்ந்துவிடும் என்பதால், மூக்கடைப்பையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்கலாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் பற்பசை போதும். குழந்தைப் பற்பசைகள் சிலவற்றில், எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடே இருப்பதில்லை. ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் குடிப்பது ஆர்ஓ கேன் தண்ணீர். அதில் ஃபுளோரைடு மிகக் குறைவு என்பதால் பற்பசையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. துலக்கிய பின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழெட்டு வயது வரை பெரியவர் கைதான் துலக்கிவிட வேண்டும்.

மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இருவர் எதிரெதிரே முழங்கால் தொட அமர்ந்து, ஒருவர் மடியில் குழந்தையின் தலையைச் சாய்த்து, மேல் முன்பற்களை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, செல்போன் டார்ச்சை அடியுங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல மங்கிய வெள்ளை தெரிந்தால் அதுவே சொத்தையின் தொடக்கம். உமிழ்நீரும் ஃபுளோரைடும் சேர்ந்து அதை இன்னும் தடுத்து நிறுத்த முடியும். ஓட்டை விழுந்துவிட்டால் முடியாது.

குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் கரண்டியைத் தாய் சுவைப்பதாலும் கிருமி பரவும் என்பது உண்மைதான். ஆனால் ஒண்டிக் குடித்தனத்தில் எச்சில் படாமல் பிள்ளை வளர்ப்பது நடக்கிற காரியமா? தாய் தன் சொத்தைப் பற்களுக்கு முதலில் சிகிச்சை பெறுவதே பயனுள்ளது என்பது என் கருத்து. இனிப்பான மருந்து சிரப் குடித்தாலும், வீசிங்குக்கு இன்ஹேலர் இழுத்தாலும், உடனே தண்ணீர் கொடுத்து வாயை அலசிவிடுங்கள்.

“பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை மெல்ல வேண்டியவை. ஒரு வயது நிறையும்போதே பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது, குழந்தை குடிக்கும் மருந்துப் பாட்டில்களையும் எடுத்துச் செல்லுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே போய்விட வேண்டும்.