ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகியதும் டிவி சேனல் உடைகிறதா? முதலில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆன்டெனா வழியாக வரும் சேனல்கள் நேற்றுவரை பளிச்சென்று தெரிந்தன. இணையப் படங்களை டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைப் புதிதாக வாங்கி டிவிக்குப் பின்னால் செருகிய பிறகு, சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன. குரல் விட்டுவிட்டு வருகிறது. ஒன்றிரண்டு சேனல்கள் ‘சிக்னல் இல்லை’ என்று கைவிரித்து விடுகின்றன. உடனே பெரும்பாலோர் பழி போடுவது வைஃபை மேல்.

வைஃபை இதில் அநேகமாக நிரபராதி. அது இயங்குவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு பெரும்பாலும் 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் (விஎச்எஃப்), 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் (யுஎச்எஃப்) நடக்கிறது. இரண்டும் வெகு தூரத்தில் இருக்கின்றன. ரவுட்டரை அடுத்த அறைக்கு மாற்றினாலும் படம் சரியாகாது.

சந்தேகப்பட வேண்டியது, ஸ்டிக்கிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ இணைப்பை. 1080பி படம் நொடிக்கு 60 முறை போகும்போது அந்த இணைப்பின் துடிப்பு 148.5 மெகாஹெர்ட்ஸ். இந்தத் துடிப்பின் மடங்குகளிலும் மின் இரைச்சல் எழும். அதன் நான்கு மடங்கு 594. அது நேராக யுஎச்எஃப் சேனல்களின் நடுவில் போய் விழுகிறது. 720பிக்கு அடிப்படைத் துடிப்பு 74.25, அதன் மூன்று மடங்கு 222.75, விஎச்எஃப் பகுதிக்குள் வருகிறது. கேபிளின் உறை சரியில்லை என்றாலோ, முனை லேசாகத் தளர்ந்திருந்தாலோ இந்த இரைச்சல் வெளியே கசியும். ஸ்டிக் செருகும் துளைக்கு ஒரு சாண் தள்ளித்தான் பல டிவிகளில் ஆன்டெனா துளையும் இருக்கிறது. இரைச்சல் இப்படிச் சில அலைவரிசைகளில் மட்டும் விழுவதால்தான் எல்லாச் சேனலும் கெடாமல் குறிப்பிட்ட சில மட்டும் கெடுகின்றன. ஸ்டிக்கின் அமைப்புகளில் ரெசல்யூஷனை மாற்றிப் பாருங்கள். கெட்ட சேனல் சரியாகி வேறொன்று கெட்டால், திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

அடுத்த தவறு, ரிமோட்டில் அணைத்துவிட்டு “அணைச்சும் இப்படித்தான் இருக்கு, அப்ப இது காரணமில்லை” என்று முடிவு கட்டுவது. ரிமோட்டில் அணைத்தால் ஸ்டிக் தூங்கத்தான் போகிறது. உள்ளே சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். சோதிப்பதென்றால் மின்சாரத்தையும் பிடுங்க வேண்டும், எச்டிஎம்ஐ துளையிலிருந்தும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. தொங்கிக்கொண்டிருக்கும் கேபிளே ஒரு குட்டி ஆன்டெனா. டிவியோடு பல கருவிகள் இணைந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சேனலையே பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பே சேனல் தேடலை மறுபடி ஓட்டுவது பெரிய தப்பு. இரைச்சல் இருக்கும்போது தேடினால், டிவிக்கு அகப்படாத சேனல்கள் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். அப்புறம் கோளாறு சரியானாலும் சேனலைக் காணோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். தேடல் கடைசியில்.

பணம் வீணாவது பெரும்பாலும் சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டரில். சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்று நினைத்து வாங்கி மாட்டுகிறோம். அது நல்ல சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. சில வீடுகளில் டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் திணறி, நன்றாக வந்த சேனலும் போய்விடும். வாங்குவதற்கு முன் டிவியின் சிக்னல் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். வலிமை நிறைய இருந்தும் தரம் கீழே கிடந்தால் அது பெரும்பாலும் இரைச்சல் பிரச்சினை, பூஸ்டர் உதவாது. இரண்டுமே குறைவு என்றால் ஆன்டெனாவையும் அதன் இணைப்புகளையும் பார்க்கலாம்.

அடாப்டரை யாருமே கண்டுகொள்வதில்லை. ஸ்டிக்கோடு வந்ததை எங்கோ வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த ஏதோ ஒரு மலிவு சார்ஜரை மாட்டியிருப்போம். அதுவும் இரைச்சலைக் கக்கும். ஒருமுறை ஸ்டிக்கை பவர்பேங்கில் ஓட்டிப் பாருங்கள். பவர்பேங்கிலும் மின்னழுத்தத்தை மாற்றும் சுற்று உண்டு, அதனால் இது முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனாலும் படம் சட்டென்று தெளிந்தால் நல்ல துப்பு.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, என்ன செய்வது? பல ஸ்டிக்குகளோடு பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் வரும். தேவையில்லை என்று ஓரம் கட்டாமல் அதை மாட்டி, ஸ்டிக்கை ஆன்டெனா துளையிலிருந்து தள்ளி வையுங்கள். உள்வீட்டு ஆன்டெனாவை டிவியின் தலைமேலேயே வைத்திருந்தால் ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்துங்கள். பல நேரம் இதுவே போதும். ஆன்டெனா கேபிளையும் எச்டிஎம்ஐ கேபிளையும் அழகுக்காக ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும். ஆன்டெனா கேபிளின் முனையில் உள்ள திருகு கையால் இறுகும் அளவுக்கு இறுகியிருக்கிறதா, வெளிவலையின் ஒரு நூல் நடுக்கம்பியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். இரைச்சலை அடக்கக் கேபிளைச் சுற்றி ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் மாட்டுபவர்கள் அதைக் கேபிளின் நடுவில் மாட்டுகிறார்கள். அது கருவிக்குப் பக்கத்தில், முனையை ஒட்டி இருக்க வேண்டும்.

இன்னொரு கோளாறையும் இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. செயலியில் படம் பார்க்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால் அது இணையச் சிக்கல், ஆன்டெனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்ட்ரீமிங் பெட்டியில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகிய பிறகு வைஃபை மந்தமாகி, புளூடூத் ரிமோட்டும் தடுமாறினால் கதை வேறு. யுஎஸ்பி 3 இணைப்பின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை 2012இல் இன்டெல் நிறுவனமே ஒரு ஆவணத்தில் விளக்கியது. டிஸ்க்கை நல்ல உறையுள்ள நீளக் கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ரிமோட்டுக்கு இரண்டாவது வழி உதவாது, புளூடூத் 2.4இலேயேதான் இருக்கும்.