இளவேனில் நகங்கள்: வேப்பம்பூ வரையும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி பாதி தாண்டியதும் எங்கள் தெருவில் புங்கமரங்கள் பூவை உதிர்க்க ஆரம்பித்துவிடும். அதே வாரத்தில் சொந்தக்காரப் பெண்களிடமிருந்து போனும் வரும். "சித்தி, புத்தாண்டுக்கு நகத்துல ஏதாவது வரைஞ்சுவிடுங்க, இந்த டிசைன் பாருங்க" என்று படம் அனுப்புவார்கள். படத்தில் பெரும்பாலும் செர்ரிப் பூவோ துலிப்போ வெளுத்த இளஞ்சிவப்பில் இருக்கும். அழகுதான். ஆனால் அது பனி உருகிக்கொண்டிருக்கும் ஊரில் இருக்கிற கை, முள்கரண்டி பிடிக்கிற கை. நம் கை சாம்பார் சாதம் பிசையும், பாத்திரம் தேய்க்கும், பூத்தொடுக்கும், ஏப்ரல் வெயிலில் வியர்க்கும். இந்தக் கையை மறந்துவிட்டு டிசைனைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் தவறே தொடங்குகிறது.

மஞ்சளை மறப்பது

அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து லாவண்டர் நிறம் பூசி, மோதிர விரலில் மட்டும் வெள்ளைப் பூ வரைந்துவிட்டேன். நிறத்துக்கு மேலே பூசும் நிறமில்லாத டாப் கோட் பாட்டில் காலி. "பரவாயில்லை சித்தி" என்றாள். நானும் விட்டுவிட்டேன். ராத்திரி மீன்குழம்பு. காலையில் பார்த்தால் இடது கை லாவண்டராகவே இருக்கிறது, வலது கை விரல்களில் அழுக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது. பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் சிவப்பாக மாறிவிட்டது!

மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதும் இதனால்தான். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் மிதக்கும் குழம்பைப் பிசையும்போது அது நகப்பூச்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வெளிர் நிறங்களில் அது மறைய வழியே இல்லை.

ஆகவே வெளிர் நிறம் போடுவதென்றால் டாப் கோட் இல்லாமல் போடவே போடாதீர்கள். போட்ட டாப் கோட்டும் தேயும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள். கறை பட்டுவிட்டால் சோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். மஞ்சள் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும், துணியில் பட்ட கறை வெளுப்பதைப் போல. இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் பிடிக்கும்: மஞ்சள் பட்டாலும் தெரியாத நிறங்களாகவே எடுப்பது. மாம்பழ மஞ்சள், கனகாம்பர நிறம், மாந்தளிர்ச் செம்பு எல்லாமே இளவேனில் நிறங்கள்தான்.

படத்தைப் பார்த்து நிறம் வாங்குவது

பேஸ்டல் எனப்படும் வெளிர் ஷேடுகளில் வெள்ளை நிறமி அதிகம். அதனால் அவை பூசும்போது கோடுகோடாக நிற்கும். மாநிறக் கையிலும் கறுத்த கையிலும் சிலசமயம் சுண்ணாம்பு தடவியது போலத் தெரியும். குறை கையில் இல்லை. அந்த ஷேடைக் கலக்கியவர்கள் இந்தக் கையை மனதில் வைக்கவில்லை, அவ்வளவுதான். அதே நிறத்தில் ஒரு படி அழுத்தமானதை எடுங்கள். வெளிர் ரோஸுக்குப் பதில் கோரல், வெளிர் பச்சைக்குப் பதில் தளிர்ப் பச்சை என்று. கடையின் டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். கட்டைவிரலில் ஒரு பூச்சு பூசி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் உங்களுக்குச் சேருமா என்பது அங்கேதான் தெரியும்.

நகத்தை ஊறவைத்த கையோடு பூசுவது

வெந்நீரில் கையை ஊறவைத்து, துடைத்து, உடனே பாலிஷ் பூசுகிறவர்கள் நிறையப் பேர். நகம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும். காய்ந்ததும் பழைய அளவுக்கு வரும். மேலே பூசிய பாலிஷ் அதோடு சேர்ந்து சுருங்காது, ஓரத்தில் கிளம்பிவிடும். மறுநாளே நுனி உரிகிறதென்றால் பாலிஷைத் திட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையும் அப்படித்தான், தேங்காயெண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. பஞ்சில் கொஞ்சம் ரிமூவர் தொட்டு நகத்தை மட்டும் துடைத்துவிட்டு, நிறத்துக்கு அடியில் போடும் பேஸ் கோட் பூசுங்கள். அழுத்தமான நிறங்கள் நகத்தில் மஞ்சள் சாயம் ஏற்றாமல் காப்பதும் அந்த பேஸ் கோட்தான்.

நகம் முளைக்கும் இடத்தில் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தோலை அழகுக்காக வெட்டவே வேண்டாம். அது கிருமி உள்ளே போகாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் அடைப்பு. அதை வெட்டிவிட்டுப் பாத்திரம் தேய்த்தால் நகச்சுற்றுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். எண்ணெய் தடவி, மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

பூசுவதில் அவசரம் எல்லோருக்கும் பொதுவான வியாதி. சாதாரண பாலிஷ் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகித்தான் காய்கிறது. கனமாக ஒரே பூச்சு பூசினால் மேலே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும். மெல்லியதாக இரண்டு, பேஸ்டல் என்றால் மூன்று பூச்சு. நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷை ஓர் இழுப்பு இழுத்துவிடுங்கள், முதலில் உரிவது அந்த இடம்தான். பாட்டிலைக் குலுக்கினால் காற்றுக்குமிழ் வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். கெட்டியாகிவிட்ட பாட்டிலில் ரிமூவரை ஊற்றாதீர்கள், பாலிஷின் பதமே கெட்டுவிடும். அதற்கென்று தின்னர் தனியாகக் கிடைக்கிறது.

பூ வரையும்போது

வேப்பம்பூவுக்கு ஐந்து வெள்ளை இதழ். டூத்பிக் நுனியோ ஹேர்பின் முனையோ போதும். ஒருமுறை தொட்டு ஐந்து புள்ளியும் வைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதல் புள்ளி பெரிதாக விழும், அடுத்தது கொஞ்சம் சிறிது, ஐந்தாவது இருக்கிற இடமே தெரியாது. பூ ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். ஒவ்வோர் இதழுக்கும் புதிதாகத் தொட்டு வையுங்கள். நடுவில் ஒரு பொட்டு வெளிர் மஞ்சள்.

சரக்கொன்றைக்கு இதே தவறு அப்படியே உதவிக்கு வந்துவிடுகிறது. சரக்கொன்றைக் கொத்து தொங்கும்போது மேலே விரிந்த பூக்கள், கீழே போகப் போகச் சின்ன மொட்டுகள். ஒரே தொடுதலில் மஞ்சளை எடுத்து, நகத்தின் அடியிலிருந்து நுனியை நோக்கிப் புள்ளிகளை வைத்துக்கொண்டே வாருங்கள். பெரியதிலிருந்து சிறியதாகப் புள்ளிகள் தாமாகவே இறங்கும். ஓரத்தில் இரண்டு பச்சைக் கீற்று போட்டால் கொத்து முடிந்தது. முதன்முதலில் இதைக் கண்டுபிடித்த அன்று பத்து விரலிலும் அதையே வரைந்துகொண்டேன்.

ஆனால் பத்து விரலிலும் வரைவது சரியில்லை. எல்லா நகத்திலும் பூ இருந்தால் கண்ணுக்கு எங்கேயும் ஓய்வு கிடைக்காது. மோதிர விரலில் கொன்றை, மற்றதில் ஒரே நிறம், அல்லது புங்கம்பூ நிறத்தில் வெறும் நுனி. சங்கப் புலவர்கள் புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். நகத்திலும் அதைப் பொரிபோல நாலைந்து தூவலாக விடுவதுதான் அழகு. கல், முத்து ஒட்டும் டிசைன்களைச் சோறு பிசையும் கையில், அதுவும் குழந்தைக்கு ஊட்டும் கையில் தயவுசெய்து வேண்டாம். கழன்ற கல் எங்கே போயிருக்கும் என்று சாப்பாட்டுத் தட்டில் தேடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

வரைந்ததும் டாப் கோட்டை அழுத்தி இழுத்தால் பூ கரைந்து கோடாகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிரஷில் தாராளமாக எடுத்து, பிரஷ் மயிர் நகத்தில் உரசாமல் மிதக்கவிட்டுப் பூசுங்கள்.

மருதாணியும் ஜெல்லும்

கல்யாண வீடுகளில் மருதாணிக்கும் நகப்பூச்சுக்கும் எப்போதும் சண்டை. மருதாணி ஏறிய நகம் கழுவினால் போகாது. கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். அதன்மேல் வெளிர் நீலம் பூசினால் உள்ளிருந்து ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். நகம் சிவக்க வேண்டாமென்றால் மருதாணி வைப்பதற்கு முன்பே நிறமில்லாத பாலிஷ் பூசிவிடுங்கள். ஏற்கெனவே சிவந்துவிட்டதா, அதற்கு ஒத்துப்போகும் நிறத்தையே எடுங்கள். மருதாணிச் சிவப்பு நகத்தில் வெள்ளை வேப்பம்பூ மட்டும் வரைந்து பாருங்கள், வேறெதுவும் தேவைப்படாது.

ஜெல் பாலிஷ் வீட்டிலேயே போட விளக்கோடு செட் கிடைக்கிறது. இதில் நான் உண்மையாகவே பயப்படுகிறேன். ஜெல் காற்றில் காய்வதில்லை, புற ஊதா ஒளி பட்டுத்தான் இறுகும். விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டாலோ கனமாகப் பூசிவிட்டாலோ மேலே மட்டும் இறுகி உள்ளே இறுகாமல் நிற்கும். இறுகாத ஜெல்லும் தோலில் வழிந்த ஜெல்லும் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம்: விரல் நுனி அரிப்பு, வீக்கம், சிலருக்குக் கண் இமையில்கூடத் தடிப்பு. ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பின்னாளில் பல் அடைக்கும் பொருளுக்கும் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள் உண்டு. ஜெல்லில் இருக்கும் ஹெமா (HEMA) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2021-லிருந்து தொழில்முறைக் கலைஞர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. டிபிஓ (TPO) என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடையே செய்துவிட்டது. வாங்கும்போது அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். அரிப்பு தொடங்கினால் "சரியாகிவிடும்" என்று அடுத்த தடவை போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓரம் கிளம்பிய ஜெல்லை உரித்தெடுப்பது இன்னொரு கொடுமை. அதோடு நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். நெகிழ்ந்தபின் தள்ளினால் வந்துவிடும். பிறகு கையைக் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

புத்தாண்டுக்குப் போடுகிறவர்கள் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டாத பாலிஷ் முழுதாக இறுகச் சில மணி நேரம் ஆகும். படுக்கப்போகும் முன் பூசினால் காலையில் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். 13-ஆம் தேதி வேலைகளை மத்தியானமே முடியுங்கள். பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்வது, மாங்காய் சீவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் ஆனபிறகு, நாலு மணிக்கு ஜன்னலோரம் உட்காருங்கள். ஆய்ந்த பூவில் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு வரையுங்கள்.