தேயிலைப் பெட்டியில் தடித்த சாய்வெழுத்து

இலங்கையின் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு ஐடிசி ஸாஃப் சான்சரி என்ற சாய்ந்த ஆங்கில எழுத்துருவின் தடித்த வடிவம்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒற்றைக்காலில் நின்றார். ஹெர்மன் ஸாஃப் வடிவமைத்து 1979இல் வெளியான எழுத்துரு அது. பட்டை முனைப் பேனாவால் எழுதியதுபோல் ஒவ்வொரு கோடும் தடித்தும் மெலிந்தும் வரும். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் தந்த மாதிரியில் ஆங்கிலப் பெயர் முழுக்கப் பெரிய (கேப்பிட்டல்) எழுத்தில் இருந்தது, வாசிக்கவே முடியவில்லை. முதலெழுத்தை மட்டும் பெரிதாக விட்டு மற்றவற்றைச் சிறிய எழுத்தாக்கியதும் பெயர் பளிச்சென்று எழுந்தது. நிகர எடை, காலாவதித் திகதி போன்ற பொடி வரிகளுக்கு இந்த எழுத்து ஆகாது, மை அடைத்துவிடும். அவற்றைச் சாதாரண நேரெழுத்துக்கு மாற்றினேன்.

தமிழ்தான் பாடாய்ப்படுத்தியது. அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. மென்பொருள் வேறொரு தமிழ் எழுத்தை எடுத்து, தானாகவே சாய்த்துத் தடிப்பாக்கியிருந்தது. ‘மணம்’ என்ற சொல்லில் ணகரத்தின் சுழிகள் கறுப்புக் கட்டியாகிவிட்டன. அந்தப் போலித் தடிப்பையும் சாய்வையும் நீக்கிவிட்டு, தடிப்பாகவே வரையப்பட்ட தமிழ் எழுத்துரு ஒன்றை நேராக நிறுத்தினேன், சுழிகள் திறந்துகொண்டன. சிங்கள வரிக்கும் அதே வைத்தியம். தமிழும் சாய்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று வாடிக்கையாளர் இன்னும் முணுமுணுக்கிறார்.