எண்ணெயில் பிரியாத நண்டு கட்லெட்

மும்பை சயான் கோலிவாடா மார்க்கெட்டில் சதைப்பற்றான நண்டு கிடைத்தால் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு சேர்த்த கட்லெட்தான். ஆனால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். காரணம் ஈரம், வெந்த நண்டுச் சதை தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது சதையைத் துணியில் பிழிந்து, சோம்பும் மிளகும் தட்டிப் போட்டு, வெறும் சட்டியில் சுருள வதக்குகிறேன். சதையை உதிர்க்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள், ஓட்டுத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது. கிழங்கை வெட்டாமல் தோலோடு வேகவைத்து, சூட்டோடு மசித்து, ஆவி அடங்கும்வரை பரப்பி வைக்கிறேன். 200 கிராம் சதைக்கு 300 கிராம் கிழங்கு. அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, கட்லெட்டாகத் தட்டி, ரவையில் புரட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில். இப்போது ஒன்றுகூடப் பிரிவதில்லை.

பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். அவ்வளவு வாசனை!