வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு: செங்கோட்டைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு விட்டு விட்டு வந்தால் முதலில் திட்டு வாங்குவது இன்டர்நெட் வேகம். வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பாட்டை ஹாலில் இருக்கும் பிளேயரில் கேட்க இன்டர்நெட்டே வேண்டாம். ஃபைபர் லைன் அறுந்து கிடந்தாலும் பாடும். வேகமும் அவ்வளவு தேவையில்லை. சிடி தரத்தில் சுருக்காத பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்காக மாற்றினால் பெரும்பாலும் 600 முதல் 1,000 கிலோபிட்டுக்குள் அடங்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பாட்டைச் சுருக்காமல் அனுப்பினாலும் 4.6 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் போர்ட்டுக்கே இதெல்லாம் தூசு. தகராறு வருவது வேறு இடங்களில்: கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்காதது, வைஃபை சுவரைத் தாண்டாதது, கரண்ட் போய்ப் போய் வருவது. கேரள எல்லையோரத்துச் செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் சாரல் காலத்தில் மூன்றாவதுதான் முதலில் வந்து நிற்கும்.

யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சர்வரில் பாட்டு இருக்கிறது. பிளேயர் அதை நேரடியாக இழுத்து வாசிக்கிறது. கையில் இருக்கும் போன் 'இதைப் பாடு' என்று சொல்வதோடு சரி. புளூடூத்தில் பாட்டு போன் வழியாகப் போவதால் கால் வந்தால் நின்றுவிடும். நெட்வொர்க் முறையில் ஒரு பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு போனை அணைத்துவிட்டாலும் அந்தப் பாட்டு முடியும்வரை ஓடும். அடுத்த பாட்டு தானாக வருமா என்பது வரிசைப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் போன் ஆப்பை மூடினால், ஒரு பாட்டோடு நின்றுபோகும்.

சர்வரும் பிளேயரும்

சர்வராகப் பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். அதன் பேட்டரியே யுபிஎஸ் வேலையும் பார்க்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள். ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியை வைப்பதானால் ஒரு கணக்கு: அதன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒன்றே ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கக்கூடும். இரண்டு மாட்டினால் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே நிற்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கிவிடுங்கள். லினக்ஸ் சர்வர் என்றால் டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புப் பட்டியலே சிதையலாம்.

மென்பொருளில் இரண்டு வழி. டிவி, கடையில் வாங்கிய ஏவி ரிசீவர் போன்றவற்றில் கேட்கவேண்டும் என்றால் டிஎல்என்ஏ, அதாவது வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் நெட்வொர்க்கில் பாட்டு, படம் பகிரும் பொது முறை. அதற்கு மினிடிஎல்என்ஏ எளியது, 8200 போர்ட்டில் இயங்கும். ஹாலிலும் அடுக்களையிலும் மாடியிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்றால் லிரியன் மியூசிக் சர்வர். டிஎல்என்ஏவை நம்பி இரண்டு அறையில் போட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நடுவில் நின்று கேட்டால் கோவில் மண்டபத்து எதிரொலிதான். லிரியன் என்பது லாஜிடெக் நிறுவனம் விற்ற ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டிகளுக்கான பழைய சர்வர்தான். அந்தப் பெட்டிகளை நிறுவனம் 2012இல் நிறுத்தியது. மென்பொருளைத் தன்னார்வலர்கள் இன்றும் வளர்க்கிறார்கள். பிரவுசரில் சர்வரின் ஐபியும் (நெட்வொர்க் முகவரி) 9000 போர்ட்டும் அடித்தால் எல்லா அமைப்பும் அங்கேயே.

பிளேயருக்கு ராஸ்பெரி பை 3 அல்லது ஜீரோ 2 டபிள்யூ, அதில் பைகோர்பிளேயர் மென்பொருள். இதைப் பரிந்துரைக்க ஒரே காரணம் போதும்: முழுவதும் ராமில் ஓடுவதால், கரண்ட் பட்டென்று போனாலும் எஸ்டி கார்டு கெடுவது அபூர்வம். பையின் 3.5 மிமீ ஜாக்கை நம்பவேண்டாம், இரைச்சல் தெரியும். ஜீரோவில் அந்த ஜாக்கே கிடையாது. பிசிஎம்5102 சிப் உள்ள, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் சிறிய டாக் போர்டைப் பின்களில் இணைத்து, ஆடியோ அவுட்புட் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, ரீபூட் செய்யுங்கள். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் தவறான போர்டு தேர்வாகியிருக்கும்.

பிளேயர் காணவில்லை

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபைபர்காரர் வைத்த பெட்டி ஒன்று, அது மாடிக்கு எட்டவில்லை என்று வாங்கிய ரவுட்டர் ஒன்று. இரண்டும் தனித்தனியாக ஐபி கொடுக்கும்: கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. டிஎல்என்ஏ கருவிகள் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில், 1900 போர்ட்டில் 'யார் இருக்கிறீர்கள்' என்று கூவித்தான் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. இன்டர்நெட் இரண்டு தளத்திலும் நன்றாகவே வரும், ஆனால் மாடியில் நிற்கும் போனுக்குக் கீழே இருக்கும் சர்வர் தெரியாது.

தீர்வு: இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள், அப்போது அது தனியாக ஐபி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் முதலில் அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், பிறகு அதில் டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கும் வேலை) அணையுங்கள், கடைசியாகக் கேபிளை இன்டர்நெட் வரும் வேன் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுங்கள். வரிசை முக்கியம், டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் ரவுட்டருக்குள் நுழைவதே சிரமமாகும்.

கெஸ்ட் வைஃபையில் எதையும் சேர்க்காதீர்கள். வைஃபை கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாத ஏபி ஐசொலேஷன் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிளேயரை ஆன் செய்ததும் தெரிகிறது, சில நிமிடத்தில் பட்டியலிலிருந்து மறைகிறது, ஆனால் ஓடுகிற பாட்டு நிற்கவில்லை என்றால் சந்தேகப்படவேண்டியது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது மல்டிகாஸ்ட் கூவலை எந்தப் போர்ட்டுக்கு விடுவது என்று வடிகட்டும் அமைப்பு. சுவிட்சிலோ ரவுட்டரிலோ அதை அணைத்துப் பாருங்கள். சர்வருக்கும் பிளேயருக்கும் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் நிலையான ஐபி கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறிப்போகலாம்.

சுவர், கேபிள், இடி

கருங்கல் சுவர் வைத்த பழைய வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறையைத் தாண்டினால் அதிசயம். பிளேயரை 2.4இல் விடுங்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் எண் 1, 6, 11இல் நெரிசல் குறைந்த ஒன்று. ஒரே ஒரு கேபிள் இழுக்கத்தான் மனம் இருக்கிறது என்றால் அதைச் சர்வருக்கு இழுங்கள். சர்வரும் பிளேயரும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாட்டும் காற்றில் இரண்டு முறை போகிறது.

கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை போகும். அலுமினியத்தில் தாமிரம் பூசிய மலிவு ரகத்தை வாங்காதீர்கள். சுருளை ஒரு கையால் தூக்கினாலே கனம் குறைவது தெரியும். கரண்ட் வயரோடு ஒரே குழாயில் விடக்கூடாது. வீட்டிலிருந்து தோப்பில் இருக்கும் தனிக்கட்டடத்துக்குத் தாமிரக் கேபிள் வேண்டவே வேண்டாம். இடி விழுந்தால் இரு முனையிலும் போர்ட் கருகும். ஃபைபரும், அதைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கும்போது நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கவேண்டும். பலர் அதை மறக்கிறார்கள்.

ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைக்கலாம். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைவிடக் குறைந்த யுபிஎஸ் வாங்கினால், கரண்ட் போகிற நொடியில் ரவுட்டரும் ரீஸ்டார்ட் ஆகும். இன்னொன்று: கரண்ட் வந்ததும் ஹார்ட் டிஸ்க் தயாராகும் முன்பே சர்வர் மென்பொருள் எழுந்துவிட்டால், காலி ஃபோல்டரைப் படித்துப் பாட்டுப் பட்டியலைத் துடைத்துவிடும். டிஸ்க் மவுன்ட் ஆன பிறகே மென்பொருள் தொடங்கும்படி, லினக்ஸில் மென்பொருள்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் எழுதிவையுங்கள்.

தமிழும் மலையாளமும்

இந்தப் பக்கத்து டிஸ்க்குகளில் இரண்டு மொழிப் பாட்டும் கலந்துதான் கிடக்கும். பாட்டுக் கோப்புக்குள் விவரம் எழுதும் இடங்களான டேகுகளில், ஜானர் டேகில் மொழியைப் போட்டுவிட்டால் தேடுவது எளிது. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் டேகைக் காலியாக விட்டால் ஒரே படத்தின் ஆறு பாட்டும் பாடகர் வாரியாகப் பிரிந்து ஆறு ஆல்பமாக நிற்கக்கூடும். அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். எம்பி3யில் பழைய ஐடி3வி1 டேகில் பாட்டின் பெயர், பாடகர் பெயர் ஒவ்வொன்றுக்கும் 30 பைட்தான் இடம், தமிழுக்கு உதவாது. டேக் திருத்தும் மென்பொருளான எம்பி3டேகில் ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பழைய பிளேயர்களும் படிக்கும். பிளேயர் திரையில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்து போனில் சரியாக இருந்தால் டேகில் குறையில்லை, அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை.

கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் கவனிக்க: ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில் அரை நொடி வெட்டு விழுந்தால், பிளேயர் அடுத்த கோப்பை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதில்லை என்று பொருள். லிரியனில் இந்தத் தொல்லை இல்லை. டிஎல்என்ஏதான் என்றால் கச்சேரி முழுவதையும் ஒரே ஃப்ளாக் கோப்பாக வைத்துக்கொள்வது மேல்.

பாட்டு ஓடாதபோதும் ஆம்ப்ளிஃபையரில் 'ம்ம்' என்று இரைந்தால் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எர்த் சுற்று பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், அது பெரும்பாலும் சீரான அலையில் கரண்ட் தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். நெட்வொர்க்கில் எதை மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது.